சண்டைக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு

உன் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். உனக்கு 16 வயது. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் வீட்டில் சண்டை. நடுவில் போய் நின்று நிறுத்துவது நீ. 8 வயதுத் தம்பியைச் சமாதானப்படுத்தித் தூங்க வைப்பதும் நீ. வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் இருந்தவள், இப்போது கணக்குப் பாடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை. தோழிகள் ‘நீ ரொம்ப மாறிட்டே’ என்கிறார்கள். படிப்பு, நட்பு, வீடு என்று மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். பள்ளி முடிந்ததும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனால் தம்பிக்குச் செய்யும் துரோகம் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறாய்.

நான் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்ப்பவள். இந்தக் கதை என் அறைக்குள் பெரும்பாலும் ‘மார்க் குறைஞ்சிடுச்சு மிஸ்’ என்றுதான் நுழையும். வீட்டுப் பேச்சு வெளியே வர இன்னும் இரண்டு மூன்று சந்திப்பு ஆகும். நீ நேராக வீட்டைப் பற்றியே எழுதிவிட்டாய். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

மூன்று வேலை என்கிறாய். நான் எண்ணிப் பார்த்தால் நான்கு வருகிறது. படிப்பது ஒன்று, தோழியாக இருப்பது ஒன்று, மகளாக இருப்பது ஒன்று. நான்காவது, இரவுக் காவல். யாரும் உன்னிடம் கொடுக்காத வேலை, சம்பளம் இல்லாத வேலை, லீவும் கிடையாது. மற்ற மூன்றையும் சாப்பிடுவது அதுதான். நேர அட்டவணை போட்டு இந்த நான்கையும் ஒரு நாளுக்குள் அடைக்க முடியாது. நான்காவதை இறக்கி வைக்க வேண்டும், முழுசாக முடியாவிட்டாலும் பாதியாவது.

அந்த வேலை உன் உடம்பில் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் ‘நான் சோம்பேறி ஆகிவிட்டேன்’ என்ற எண்ணம் போகும். அப்பா வரும் நேரம் நெருங்கும்போது புத்தகம் கையில் இருக்கும், காது வாசலில் இருக்கும். பூட்டில் சாவி ஒரே தடவையில் நுழைகிறதா, இரண்டு மூன்று தடவை உரசுகிறதா என்பதை வைத்தே இன்று இரவு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்துவிடும். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி அப்படிப் பழகிப் போயிருக்கிறது. அது விழித்திருக்கும்போது கார்டிசால் போன்ற பதற்றச் சுரப்புகள் ஏறும், இதயம் வேகமாகத் துடிக்கும், தூக்கம் அண்டாது. ஒரு கணக்கின் நான்கு வரிகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கும் திறன் இருக்கிறதே, அதுதான் முதலில் அடிபடும். இந்தக் காவல் சுவிட்ச் பள்ளி மணி அடித்ததும் தானாக அணைந்துவிடாது. யாராவது பெஞ்சைச் சத்தமாக இழுத்தால் தூக்கிவாரிப் போடுகிறதா? அதுவும் இதே கதைதான்.

இதற்கு மேல் தூக்கக் கணக்கு வேறு. 13 முதல் 18 வயது வரை இரவுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு தாமதமாகச் சுரப்பதால், சண்டை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கே சீக்கிரம் தூக்கம் வராது. உனக்கு அந்தத் தாமதமும் இருக்கிறது, சண்டை முடியும் வரை காத்திருப்பதும் இருக்கிறது. காலையில் பள்ளி மட்டும் அதே நேரத்துக்குத் தொடங்குகிறது. வகுப்பில் கண் சொருகினால் அதில் உன் குற்றம் என்ன?

இனி முக்கியமான விஷயம். சண்டைக்கு நடுவில் போய் நிற்காதே.

இதைச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ‘நான் போகலன்னா அம்மாவை அடிச்சிடுவார் மிஸ்.’ அந்தப் பயம் நியாயமானது. ஆனால் போதையில் இருக்கும் ஒரு பெரிய மனிதனுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் 16 வயதுப் பிள்ளை நின்றால், அடி விழக்கூடிய ஆட்களில் ஒருவர் கூடுகிறார், அவ்வளவுதான். சில இரவுகளில் நீ நடுவில் போனதும் சண்டை நின்றிருக்கலாம். அதனால்தான் ‘என் கையில்தான் இருக்கிறது’ என்று தோன்றுகிறது. நிற்காத இரவுகளையும் சேர்த்து எண்ணிப் பார்.

நடுவில் போகாமல் என்ன செய்வது? சண்டை இல்லாத ஒரு பகலில் உட்கார்ந்து யோசித்து வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசனை ஓடாது. தம்பியும் நீயும் எந்த அறைக்குப் போவது? வெளியே போக வழியுள்ள அறையாக இருக்கட்டும். சமையலறை வேண்டாம், கைக்கு எட்டும் தூரத்தில் கத்தி இருக்கும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்துவிடு. தம்பிக்கு ஒரு ரகசியச் சொல் சொல்லிக்கொடு, அந்தச் சொல்லைக் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டிலோ நடந்து போகும் தூரத்திலோ ஒரு பெரியவரிடம் முன்கூட்டியே கேட்டு வை: ‘ராத்திரி ஏதாவதுன்னா நாங்க ரெண்டு பேரும் இங்க வரலாமா?’ கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் வீட்டுச் சத்தம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கை நீளும் சண்டை என்றால், வெளியே வந்தபின் அவசர உதவி எண்ணைக் கூப்பிடு. அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக ஆகாதா என்று நினைக்காதே. அம்மாவுக்கு உன்னால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பாட்டிலை ஒளித்து வைப்பது, கீழே ஊற்றிவிடுவது, போதையில் இருக்கும்போது நியாயம் கேட்பது, இதெல்லாம் வேண்டாம். பலன் இருக்காது, கோபம் உன் பக்கம் திரும்பும். அப்பாவிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், உன்னைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் சொல்: ‘நீங்க ராத்திரி சத்தம் போடும்போது எனக்கு ரொம்பப் பயமா இருக்குப்பா.’ அவர் திருந்திவிடுவார் என்று எதிர்பார்த்துச் சொல்லாதே. சொன்னால் உன் மனம் கொஞ்சம் லேசாகும் என்றால் சொல்.

குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் கிளையாக 1957-இல் பதின்வயதினருக்கென்று அலட்டீன் தொடங்கியது. தொடங்கி வைத்தது கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு பையன்தான், குடிநோயில் இருந்து மீண்டுகொண்டிருந்த ஒருவரின் மகன். அங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் மூன்று விஷயம் சொல்லித் தருவார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, இதை என்னால் குணப்படுத்தவும் முடியாது. முதலாவதைப் பிள்ளைகள் ஒருவழியாக ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதில்தான் தடுக்கி விழுவார்கள். ‘நான் நல்ல மார்க் வாங்கினா அப்பா குடிக்க மாட்டார்’ என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. குடி ஒரு நோயாகிவிட்ட நிலையில் மகளின் மார்க் ஷீட் அதற்கு மருந்தாகாது. அதற்கு மருத்துவம் தனியாக இருக்கிறது, அதைத் தேடுவது பெரியவர்களின் பொறுப்பு.

அம்மாவைப் பற்றி நீ ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாய்: ‘அம்மா எல்லாத்தையும் என்கிட்டதான் சொல்வாங்க.’ அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. அப்பா என்ன சொன்னார், யாரிடம் கடன் வாங்கினார், கல்யாணம் ஆன புதிதில் எப்படி இருந்தார் என்று அத்தனையும் உன் காதில் விழுகிறது. அம்மாவுக்கும் வேறு யாரும் இல்லை, பாவம். ஆனாலும் மகள் என்பவள் அம்மாவின் மனதைக் கொட்டும் இடமாக இருக்க முடியாது, அது உன் வயதுக்கு மீறிய பாரம். கோபப்படாமல் இப்படிச் சொல்லிப் பார்: ‘அம்மா, நீ சொல்றதைக் கேட்டா எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரமாட்டேங்குது. சித்திகிட்ட பேசேன்மா.’ முதல் தடவை அம்மாவின் முகம் வாடும். வாடட்டும். சித்தியோ, அம்மாவின் தோழியோ, ஆலோசகரோ, யாராவது ஒரு பெரியவர் கிடைத்தால் அவருக்கும் நல்லதுதான்.

அடுத்து, நீ யாரிடமாவது சொல்ல வேண்டும். இணையத்தில் பெயர் இல்லாமல் எழுதியது ஒரு தொடக்கம், சரி. முகம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று பல சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்வில் இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், அக்கம்பக்கத்தவராக இருக்கலாம். ஒரே ஒரு ஆள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உனக்கு ரொம்பப் பிடித்த ஆசிரியர் என்பதைவிட, மற்ற மாணவர்களின் விஷயத்தை ஸ்டாஃப் ரூமில் சிரித்துப் பேசாத ஆசிரியர் யார் என்று பார். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறும் நேரத்தில் அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய், ‘மிஸ், உங்ககிட்ட தனியா ஒரு பத்து நிமிஷம் பேசணும், வீட்டு விஷயம்’ என்று சொல். முழுக் கதையும் வேண்டாம். பேச வரவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிடு. தனியாக உட்கார்ந்ததும் நீ சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: ‘அப்பா குடிச்சிட்டு வந்து ராத்திரி சண்டை நடக்குது. நான் தூங்குறதில்ல. அதனாலதான் மார்க் குறையுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.’

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்று கேட்டால் நல்ல ஆசிரியர் சத்தியம் செய்ய மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல நாடுகளில் ஆசிரியர்களுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதே. அதற்குப் பதில் இப்படிக் கேள்: ‘யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லிட்டுச் சொல்வீங்களா? வீட்டுக்கு நேரா போன் பண்ணாதீங்க.’ இந்த வேண்டுகோள் ரொம்ப முக்கியம். நல்ல மனதோடு ஒரு ஆசிரியர் அப்பாவையே போனில் கூப்பிட்டு ‘உங்க பொண்ணு இப்படிச் சொல்றாளே’ என்று கேட்டுவிட்டால், அன்று இரவு உனக்குத்தான் கஷ்டம்.

முதல் ஆள் ‘எல்லா வீட்லயும் இருக்கறதுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று முடித்துவிடலாம். அப்படி நடக்கத்தான் செய்கிறது. சொன்னது தப்பு என்று நினைத்துவிடாதே, ஆள்தான் சரியில்லை. அடுத்த ஆளிடம் போ. யாருமே கிடைக்கவில்லை என்றால் பல நாடுகளில் சிறுவர்களுக்கென்று இலவச உதவி எண் உண்டு. இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. மலேசியாவில் எல்லா வயதினருக்குமான 15999-ஐக் கூப்பிடலாம். அடி உதை இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, பயமாக இருக்கிறது என்பதற்காகவும் கூப்பிடலாம். உன் வீட்டிலோ வெளியிலோ யாராவது உன்னைத் தகாத முறையில் தொட்டாலோ, உன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ, செத்துவிடலாம் என்று நினைப்பு வந்தாலோ, நல்ல ஆள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, கண்ணில் படும் முதல் நம்பகமான பெரியவரிடம் சொல்.

தோழிகள் விஷயம் நீ நினைப்பதைவிட எளிது. அவர்கள் பக்கத்தில் இருந்து பார்: நீ மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை, பிறந்தநாளுக்கு வருவதில்லை, வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை, கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறாய். காரணம் தெரியாதவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தை வைத்துக்கொள்வார்கள். ‘இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை’ என்பதுதான் பெரும்பாலும் அந்தக் காரணம். அந்த இடத்தில் பாதி உண்மையை வைத்தால் போதும். கூட்டமாக எல்லோரிடமும் வேண்டாம், ஒருத்தியிடம், நேரில்: ‘வீட்ல கொஞ்சம் பிரச்சனை. இப்ப விவரமாச் சொல்ல முடியல. உன்மேல கோபம் எதுவும் இல்ல. நான் ரிப்ளை போடலன்னா தப்பா எடுத்துக்காத.’ அதற்கு மேல் எப்போது எவ்வளவு சொல்வது என்பது உன் விருப்பம். குரூப்பில் மட்டும் எழுதாதே, ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கால் முளைக்கும். இன்னொரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இடம் இல்லாத பிள்ளையிடம் ‘நான் இருக்கேன், எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்’ என்று வரும் ஆள், அதுவும் உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன் அல்லது ஆன்லைனில் மட்டுமே தெரிந்தவன் என்றால், ஜாக்கிரதை. அப்படிப்பட்டவர்கள் உன்னைப் போன்ற பிள்ளைகளைத் தேடித்தான் வருவார்கள்.

‘நம்ம வீட்டில் மட்டும்தான் இப்படி’ என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவில் 1998 முதல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயது வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் ஓரளவு படிப்பும் உள்ளவர்கள், வெளியில் இருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத குடும்பங்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், குடியோ போதையோ உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். உன் வகுப்பிலும் வேறு சிலர் வாசலில் காதை வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். நீ சொல்லாதது போல அவர்களும் சொல்வதில்லை.

படிப்புக்கு நீண்ட யோசனை எதுவும் என்னிடம் இல்லை. வீட்டில் படிக்க முடியும் என்ற நினைப்பை விட்டுவிடு. ஹோம்வொர்க்கைப் பள்ளியிலேயே, இடைவேளையிலோ பள்ளி விட்டபின் நூலகத்திலோ முடித்துவிட்டு வீட்டுக்குப் போ. எல்லாப் பாடத்திலும் பழைய இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று இந்த வருஷம் நினைக்காதே. கணக்கு மாதிரி விட்டால் பிறகு பிடிக்க முடியாத பாடங்களை மட்டும் விடாமல் பார்த்துக்கொள், மற்றதில் பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் இப்போதைக்குப் போதும். விஷயம் தெரிந்த ஆசிரியர் இருந்தால் தேதி தள்ளிக் கேட்கலாம். சண்டை நடந்த மறுநாள் பரீட்சை இருந்தால் அதையும் அவரிடம் சொல். மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும், ஆனால் டயரி யார் கையிலாவது கிடைக்கும் வீடு என்றால் எழுதிக் கிழித்துப் போட்டுவிடு. எழுதும்போது கிடைப்பதுதான் பலன், தாளைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை.

இனி விடுதிக் கேள்வி. போ. யோசிக்கவே வேண்டாம், நேரம் வந்ததும் விண்ணப்பத்தை நிரப்பு. தம்பிக்கு அக்காவாக இருப்பதற்கு நீ அதே வீட்டில் தூங்க வேண்டும் என்றில்லை. நீ போய்விட்டால் அவனுக்கு யார் இருப்பார்கள் என்பது மட்டும் உண்மையான கேள்வி. அதற்கு, பள்ளி முடியும் வரை, உன் கையில் இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அவன் வகுப்பு ஆசிரியர் யார் என்று தெரிந்துகொண்டு ஒருநாள் நேரில் போய்ப் பேசிவிடு. சித்தி வீட்டில் வார இறுதியில் தங்கிப் பழகட்டும். உன் போன் எண்ணும் உதவி எண்ணும் அவனுக்கு மனப்பாடமாகட்டும். சண்டை முடிந்த மறுநாள் காலையில், ‘அப்பா அம்மா சண்டை போட்டது உன்னால இல்லடா, என்னாலயும் இல்ல’ என்று அவனிடம் ஒரு தடவையாவது சொல். 8 வயதுப் பிள்ளைகள் தாங்கள் பாலைக் கொட்டியதால்தான் சண்டை வந்தது என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள்.